வாம்போவின் இரண்டு தோட்டங்கள்

வாம்போ என்றவுடன் நம்மில் பலருக்கு ஈரச்சந்தையும் உணவங்காடி நிலையமும் நினைவுக்கு வரும். தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையில் வடக்கே நடந்தால், ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலையும் வடபத்திர காளியம்மன் கோயிலையும் கடந்து சற்றுத் தூரத்தில் அந்த வட்டாரம் வந்துவிடும். அதற்குப் பெயர் தந்தவர் ஹூ ஆ கே என்ற சீன வணிகர். ஊரார் ஆவலோடு வந்து பார்த்த பெரிய தோட்டம் ஒன்று அவருக்கு அங்கே இருந்தது. நாம் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் தோட்டம் உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

ஹூ ஆ கே 1816ஆம் ஆண்டு, சீனாவின் கேண்டன் நகருக்கு அருகிலுள்ள வாம்போ என்னும் ஊரில் பிறந்தார். 1830இல், சிறுவனாகக் கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்தார். தெலுக் ஆயர் தெருவில் அவருடைய தந்தை கடை நடத்தி வந்தார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு இறைச்சி, ரொட்டி, காய்கறி முதலியவற்றை வழங்குவது அந்தக் கடையின் தொழில். மகன் தொழிலைக் கற்றுக்கொண்டார். கப்பல் தலைவர்களோடு பேசிப் பழகுவதற்கு ஏற்ற நல்ல ஆங்கிலமும் அவருக்குக் கைவந்தது. தந்தைக்குப் பின் கடை அவர் பொறுப்பில் வளர்ந்தது. கடையின் பெயரும் வாம்போ என்பதால், ஊரார் அவரையே வாம்போ என்று அழைக்கத் தொடங்கினர்.

அவர் தொட்டதெல்லாம் துலங்கவில்லை. 1854இல் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து, அமெரிக்காவிலிருந்து பனிக்கட்டியைக் கப்பலில் வரவழைத்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் அது புதுமையான முயற்சிதான். ஆனால், போதிய வாடிக்கையாளர்கள் கிடைக்காததால் சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட நேர்ந்தது.

அக்காலச் சிங்கப்பூரின் நிலத்தையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். தோல் பதனிடப் பயன்படும் கேம்பியர் என்ற செடியை இங்குப் பெருமளவில் பயிரிட்டனர். அதன் இலைகளைக் கொதிக்க வைக்க ஓயாமல் விறகு வேண்டும். ஆகவே, பயிரிடுவதற்காக ஒரு காடும் அடுப்பெரிப்பதற்காக மற்றொரு காடும் அழிந்தன. சுமார் இருபது ஆண்டுகளில் மண் சத்திழந்துவிடும். உடனே தோட்டக்காரர்கள் அடுத்த காட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். ஆர்ச்சர்ட், தங்ளின் பகுதிகளில் பெருகியிருந்த ஜாதிக்காய்த் தோட்டங்களையோ 1850களின் பிற்பகுதியில் நோய் தாக்கியது. மரங்கள் பட்டுப்போயின, உடைமையாளர்கள் பலர் நட்டமடைந்தனர்.

இத்தகைய சூழலில்தான், 1859ஆம் ஆண்டு, வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று ஒரு பொதுத் தோட்டம் அமைக்க இடம் தேடியது. ராஃபிள்ஸ் 1822இல் இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றில் தொடங்கிய முதல் தாவரவியல் தோட்டம், பராமரிக்கப் பணமின்றி 1829இல் மூடப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு சரியான இடம் அமையவில்லை. தங்ளினில் பொருத்தமான நிலம் இருந்தது. ஆனால், அது வாம்போவுக்குச் சொந்தமானது.

அரசாங்கம் அவருடன் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. தங்ளின் நிலத்தை அவர் விட்டுக்கொடுத்தார். அதற்கு ஈடாக, ஆற்றங்கரையில் போட் கீ பகுதியில் அரசாங்கம் அவருக்கு நிலம் வழங்கியது. வாம்போவைக் கொடைவள்ளல் என்று ஒரே சொல்லில் புகழ்ந்துவிடலாம்; ஆனால், இதைக் கொடை என்று சொல்வதற்கில்லை. போட் கீ, கிடங்குகளும் கடைகளும் நிறைந்த வணிக மையம். கப்பல் சரக்கு வணிகருக்கு அங்கே நிலம் கிடைப்பது எவ்வளவு இலாபம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அவருக்கும் நட்டமில்லை, ஊருக்கும் ஒரு தோட்டம் கிடைத்தது. என் பார்வையில், ஒருவரைத் தியாகியாக்காமலேயே பொதுநலன் காத்த இந்த ஏற்பாடு இரு தரப்பாரின் கெட்டிக்காரத்தனத்தையும் காட்டுகிறது. லண்டன் மாநகரைச் சுற்றிப் பசுமை வளையம் அமைப்பதற்காக, உள்ளூர் அரசாங்கங்கள் நிலத்தை வாங்கவும் நில உரிமையாளர்களோடு உடன்பாடு செய்துகொள்ளவும் வழிவகுத்த சட்டம் 1938இல்தான் வந்தது.

தங்ளின் தோட்டத்தைத் திருத்தும் பொறுப்பை 1860இல் லாரன்ஸ் நிவன் ஏற்றார். பாதைகள் வளைந்து சென்றன, புல்வெளிகள் விரிந்தன. எனினும், உறுப்பினர்களின் சந்தாப் பணம் போதாமல் சங்கம் கடனில் மூழ்கியது. முதல் தோட்டத்தின் கதையே இதற்கும் நேர்ந்திருக்கும். 1874இல் அரசாங்கமே தோட்டத்தை ஏற்றுக்கொண்டதால் அது பிழைத்தது. மூன்றாண்டுகளில் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் அங்கு வந்து சேர்ந்தன. மலாயாவின் பெரும் ரப்பர்த் தொழிலுக்கு அவையே வித்திட்டன. அத்தொழிலை நம்பித் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய குடும்பங்கள் எத்தனையோ!

வாம்போவின் மனத்துக்கு நெருக்கமானது சிராங்கூன் சாலைத் தோட்டம்தான். விலங்குகளின் உருவில் கத்தரிக்கப்பட்ட செடிகள், குட்டை மரங்கள், மீன் குளங்கள், தட்டுப் போன்ற பெரிய இலைகளை விரித்து மிதக்கும் அல்லிகள் என அங்கே வியப்புக்குக் குறைவில்லை. சீனப் புத்தாண்டின்போது பொதுமக்களுக்கும் கதவைத் திறந்துவிடுவார்.

1869இல் அவர் சட்டமன்றத்தின் முதல் சீன உறுப்பினரானார். பின்னர் ரஷ்யா, சீனா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளுக்கும் ஒரே நேரத்தில் தூதராகவும் பணியாற்றினார். 1880ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் தேதி சிங்கப்பூரில் காலமானார். அவரது உடல், பிறந்த ஊருக்கு எதிரேயுள்ள ஒரு தீவில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளர் நத்தேனியல் கேண்ட்லி தீவின் காடுகளை ஆராய்ந்து அரசாங்கத்துக்கு அறிக்கை அளித்தார். பழைய காட்டில் மிகச் சிறு பகுதியே எஞ்சியிருந்தது. அதன் விளைவாகவே புக்கிட் தீமா முதலிய இடங்கள் காப்புக்காடுகளாயின.

சிராங்கூன் சாலைத் தோட்டம் கைமாறியது. சியா லியாங் சியா என்ற வணிகர் அதை வாங்கி, அங்கிருந்த வீட்டுக்கு பெண்டிமியர் எனப் பெயரிட்டார். தனியார் சொத்தாகவே நீடித்ததால், அதைத் தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும் என்று யாரையும் கட்டுப்படுத்தும் ஏற்பாடு எதுவும் இல்லை. 1960களில் மக்கள்தொகை பெருகி, வீடுகளுக்குப் பெரும் தேவை ஏற்பட்டது. அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டது. பழைய வீடு இடிக்கப்பட்டது. குடும்பங்களுக்குக் கூரை வேண்டியிருந்த நேரத்தில் எடுத்த அந்த முடிவைக் குறை கூறுவது கடினம். இன்று பெண்டிமியர் சாலையில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. குளமும் இல்லை, அல்லியும் இல்லை.

நிலமாற்றத்தில் கிடைத்த தங்ளின் தோட்டம் இப்போது 82 ஹெக்டராக விரிந்துள்ளது. அதனுள் சுமார் 6 ஹெக்டர் மழைக்காடு, தோட்டம் தொடங்குவதற்கு முன்பிருந்தே நிற்கிறது. 2015இல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. ஆர்க்கிட் பூங்காவைத் தவிர வேறெங்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. அதிகாலை ஐந்து மணிக்கே திறந்துவிடுகிறார்கள்.