உருககினா

உருககினா, பண்டைய மெசொப்பொத்தேமியாவின் தென்பகுதியில் அமைந்திருந்த லகாஷ் என்னும் சுமேரிய நகர அரசை ஆண்ட மன்னர் ஆவார். இவரது காலம் ஏறத்தாழ கி.மு. 24 ஆம் நூற்றாண்டு ஆகும். இவரது பெயரை உருஇனிம்கினா என்றும் வாசிப்பதுண்டு. எளிய மக்களின் சுமையைக் குறைப்பதற்காக இவர் மேற்கொண்ட சீர்திருத்தங்கள், எழுத்தில் பதிவான சீர்திருத்தங்களுள் மிகப் பழையவற்றைச் சேர்ந்தவை.

பின்னணி

லகாஷ் அரசின் தலைநகராகக் கிர்சு விளங்கியது. இதன் இடிபாடுகள் தெற்கு ஈராக்கில் தெல்லோ என்னும் இடத்தில் உள்ளன. இந்நகரின் கோயில்களுக்குப் பரந்த நிலங்கள் இருந்தன. உழவர், மீனவர், இடையர், நெசவுப் பெண்கள் எனப் பலர் அவற்றில் உழைத்து, வாற்கோதுமையைப் படியாகப் பெற்றனர். உருககினாவுக்கு முன் லுகலாந்தா என்பவர் ஆட்சி செய்தார். 36,000 பேரிலிருந்து தன்னை நிங்கிர்சு கடவுள் தேர்ந்தெடுத்ததாக உருககினாவின் கல்வெட்டு கூறுகிறது. முதலில் "என்சி" என்னும் பட்டத்துடன் ஆண்ட இவர், பின்னர் மன்னரைக் குறிக்கும் "லுகல்" பட்டத்தை ஏற்றார்.

சீர்திருத்தங்கள்

சீர்திருத்தங்கள் பற்றிய விவரங்கள் ஆப்பெழுத்துப் பொறிக்கப்பட்ட களிமண் கூம்புகளில் கிடைத்துள்ளன. முன்னைய முறைகேடுகளை அவை வரிசையாகக் கூறுகின்றன. அதிகாரிகள் படகுகளையும் கழுதைகளையும் ஆடுகளையும் தமதாக்கிக் கொண்டனர். கோயில் எருதுகள் ஆட்சியாளரின் வெங்காயத் தோட்டத்தை உழுதன. மனைவியை விலக்கிய ஒருவன், ஆட்சியாளருக்கு 5 சேக்கல் வெள்ளி செலுத்த வேண்டியிருந்தது. இறந்தவரைப் புதைப்பதற்கும் பெருங்கட்டணம் வாங்கப்பட்டது.

உருககினா இவ்வதிகாரிகளை நீக்கினார். அடக்கச் சடங்கிற்கான கட்டணம் 7 குடம் பியர், 420 அப்பம் என்பதிலிருந்து 3 குடம் பியர், 80 அப்பம் எனக் குறைக்கப்பட்டது. செல்வர் ஒருவர் எளியவரின் கழுதையையோ வீட்டையோ வாங்க விரும்பினால், உரிய விலையை வெள்ளியாகக் கொடுக்க வேண்டும். உரிமையாளர் விற்க மறுத்தால் அவரைத் துன்புறுத்தக் கூடாது. கடன் முதலிய காரணங்களால் சிறைப்பட்டிருந்தோர் விடுவிக்கப்பட்டனர். அனாதைகளையும் கைம்பெண்களையும் வலியவரிடம் ஒப்படைப்பதில்லை என மன்னர் நிங்கிர்சுவுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். இக்கல்வெட்டில் விடுதலையைக் குறிக்கும் "அமர்கி" என்னும் சொல் இடம்பெறுகிறது. இதே சொல்லை முன்னைய லகாஷ் மன்னர் என்மெதெனாவும் பயன்படுத்தியுள்ளார்.

மதிப்பீடு

ஆட்சியாளர் குடும்பத்தின் வசமிருந்த நிலங்கள் கடவுளருக்கே உரியவை என உருககினா அறிவித்தார். எனினும், பாவு என்னும் பெண் தெய்வத்தின் பெயரால் அமைந்த பெரும் பண்ணையை அவரது மனைவி சாசாவே நிர்வகித்தார் என்பதைக் கிர்சுவில் கிடைத்த கணக்குப் பலகைகள் காட்டுகின்றன. அதாவது, உரிமை பெயரளவில் மாறினாலும் அதிகாரம் அரண்மனையை விட்டு அகலவில்லை. இக்காரணத்தால், சீர்திருத்தங்கள் எந்த அளவுக்கு மக்களுக்காகச் செய்யப்பட்டவை என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

வீழ்ச்சி

உருககினாவின் ஆட்சி பத்து ஆண்டுகளைக்கூட எட்டவில்லை. லகாஷுக்கும் அண்டை நகரான உம்மாவுக்கும் வயல், வாய்க்கால் தொடர்பான எல்லைப் பகை பல தலைமுறைகளாக நீடித்து வந்தது. உம்மாவின் மன்னர் லுகல்சகேசி படையெடுத்துக் கோயில்களை எரித்து, வெள்ளியையும் மணிகளையும் கொள்ளையிட்டார். இவ்வழிவைப் பதிவு செய்த களிமண் பலகை ஒன்று, உருககினா மீது குற்றமில்லை என்றும், பாவம் லுகல்சகேசியின் தெய்வமான நிசபாவையே சாரும் என்றும் முடிகிறது. பின்னர் லுகல்சகேசியும் அக்காத் மன்னர் சார்கோனிடம் தோற்றார்.

தெல்லோவில் பிரெஞ்சு அகழ்வாய்வு 1877 இல் தொடங்கியது. அங்கு கிடைத்த சீர்திருத்தக் கூம்புகள் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளன.