மானுடவியல் அறிஞர் மார்கரெட் மீட்

பெண் பிள்ளை அடக்கமாக இருக்க வேண்டும். ஆண் பிள்ளை அழக்கூடாது. சமைப்பது பெண்ணின் வேலை. சம்பாதிப்பது ஆணின் வேலை. இத்தகைய கருத்துகளைப் பல நாட்டு மக்களும் நெடுங்காலமாகக் கூறி வந்துள்ளனர். இவை பிறப்பிலேயே அமைந்த இயல்புகளா? அல்லது வளர்ப்பினால் படிந்த பழக்கங்களா? பிறப்பின் இயல்பு என்றால் அவற்றை மாற்ற இயலாது. வளர்ப்பின் விளைவு என்றால் ஒரு சமுதாயம் மனம் வைத்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே, இக்கேள்விக்குக் கிடைக்கும் விடை பெண்களின் கல்வி, தொழில், உரிமை ஆகிய அனைத்தையும் தொடக்கூடியது.

இதற்கான விடையை நூலகத்தில் மட்டும் தேடாமல், கடல் கடந்து சென்று, மக்களோடு வாழ்ந்து தேடியவர் மார்கரெட் மீட். பல்கலைக்கழகங்களில் பாலின ஆய்வு என்னும் துறை தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் அப்பாதையில் நடக்கத் தொடங்கிவிட்டார்.

இளமையும் கல்வியும்

மார்கரெட் மீட் 1901ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். அவருடைய தந்தை பொருளியல் பேராசிரியர். தாயார் எமிலி சமூகவியல் கற்றவர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களின் வாழ்க்கையை ஆராய்ந்தவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்னும் இயக்கத்திலும் அவர் ஈடுபாடு கொண்டிருந்தார். வீட்டில் அவர்களுடன் வாழ்ந்த தந்தைவழிப் பாட்டி மார்த்தா, ஆசிரியராகப் பணியாற்றியவர். மார்கரெட்டின் தொடக்கக் கல்வியில் பெரும்பகுதி அந்தப் பாட்டியிடமே நடந்தது.

பாட்டி தம் பேத்திக்கு ஒரு புதுமையான பயிற்சியை அளித்தார். தங்கைகள் எப்படிப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைக் கவனித்து எழுதி வைக்கும்படி கூறினார். சிறுமி மார்கரெட்டும் ஏட்டில் குறிப்புகளை எழுதி வந்தார். ஒரே வீட்டில் வளரும் இரண்டு தங்கைகளும் குணத்தில் வேறுபடுவதை அவர் அப்போதே கண்டார். பார்ப்பதை உடனுக்குடன் எழுதி வைக்கும் அந்தப் பழக்கம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

மார்கரெட் 1920ஆம் ஆண்டு நியூயார்க் நகரிலுள்ள பார்னார்டு மகளிர் கல்லூரியில் சேர்ந்தார். அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமையை நாடு முழுவதும் உறுதிசெய்த அரசமைப்புத் திருத்தம் நடப்புக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். கல்லூரியில் அவர் மானுடவியல் பேராசிரியர் பிரான்ஸ் போவாசின் வகுப்பில் பயின்றார். அவ்வகுப்பில் துணையாசிரியராக இருந்த ரூத் பெனடிக்ட், மார்கரெட்டின் ஆர்வத்தைத் தூண்டி அத்துறைக்கு அழைத்து வந்தார். பின்னாளில் இருவரும் நெருங்கிய நண்பர்களாயினர்.

மனிதர்களின் குணத்தையும் அறிவையும் பிறப்பே முடிவுசெய்கிறது என்று அன்றைய அறிஞர்கள் பலர் நம்பினர். போவாஸ் அதனை ஏற்கவில்லை. ஒருவரை உருவாக்குவதில் அவர் வளர்ந்த பண்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு என்று அவர் கற்பித்தார். அக்கருத்தைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு அவருடைய மாணவர்களிடம் வந்து சேர்ந்தது.

சமோவாத் தீவில் ஆய்வு

பதின்ம வயதில் கோபமும் குழப்பமும் மனப்போராட்டமும் தவிர்க்க முடியாதவை என்று அக்கால உளவியலாளர் பலர் கருதினர். உடல் வளர்ச்சியே அதற்குக் காரணம் என்பது அவர்கள் முடிவு. அப்படியானால், உலகின் எந்த மூலையில் வளரும் பிள்ளைக்கும் அப்பருவம் ஒன்றுபோலவே இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு வெகு தொலைவிலுள்ள ஒரு சமுதாயத்தில் இதனை ஆராய மார்கரெட் முன்வந்தார்.

பசிபிக் பெருங்கடலில் ஒதுக்குப்புறமான தீவு ஒன்றுக்குச் செல்ல அவர் விரும்பினார். தனியே செல்லும் இளம்பெண்ணுக்கு அது ஆபத்தானது என்று போவாஸ் தயங்கினார். இறுதியில், கப்பல் ஒழுங்காக வந்துபோகும் அமெரிக்கச் சமோவாத் தீவுகளுக்குச் செல்ல இருவரும் உடன்பட்டனர். பயணச் செலவைத் தந்தை ஏற்றுக்கொண்டார். 1925ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் மார்கரெட் அங்குச் சென்று இறங்கினார். அப்போது அவருக்கு வயது 23.

முதலில் அவர் சில வாரங்களைச் சமோவா மொழியைக் கற்பதில் செலவிட்டார். பிறகு தாவு என்னும் சிறு தீவுக்குச் சென்று, மூன்று கிராமங்களைச் சேர்ந்த 68 பெண் பிள்ளைகளின் வாழ்க்கையை ஆராய்ந்தார். அவர்களோடு பேசினார், அவர்களின் வேலை, விளையாட்டு, நட்பு, குடும்பம் ஆகியவற்றைக் குறிப்பெடுத்தார். 1926ஆம் ஆண்டின் முதல் நாளில் வீசிய கடும் புயல் தீவின் வீடுகளையும் பயிர்களையும் அழித்தது. ஊரே வீடு கட்டுவதில் ஈடுபட்டிருந்ததால் ஆய்வு தடைபட்டது. இருப்பினும் அவர் மனந்தளராமல் பணியைத் தொடர்ந்தார்.

அங்குச் சிறுமிகளே தங்களைவிடச் சிறிய குழந்தைகளைத் தூக்கி வளர்த்தனர். குடும்பங்கள் பெரியவை. வீட்டில் மனத்தாங்கல் ஏற்பட்டால் ஒரு பெண் உறவினர் வீட்டுக்குச் சென்று தங்கிவிடலாம். பிறப்பும் இறப்பும் பிள்ளைகளின் கண்ணுக்கு மறைக்கப்படவில்லை. ஆகவே, அமெரிக்கப் பெண்களைவிடச் சமோவாப் பெண்கள் பதின்ம வயதை அமைதியாகக் கடக்கின்றனர் என்று மார்கரெட் முடிவுசெய்தார். உடலின் வளர்ச்சி எங்கும் ஒன்றே. மனத்தின் தவிப்பு எங்கும் ஒன்றாக இல்லை என்பதே அதன் பொருள்.

நாடு திரும்பிய அவர் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் பணியில் சேர்ந்தார். சமோவா ஆய்வைப் பற்றி அவர் எழுதிய நூல் 1928இல் வெளிவந்தது. அறிஞர்கள் மட்டுமின்றிப் பெற்றோர்களும் ஆசிரியர்களும் படித்துப் புரிந்துகொள்ளும்படி அதனை எளிய நடையில் எழுதியிருந்தார். அந்நூல் அவருக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது.

நியூகினியின் மூன்று சமுதாயங்கள்

1928இல் மார்கரெட், நியூகினிக்கு வடக்கிலுள்ள மானுஸ் தீவுக்குச் சென்றார். அவருடைய கணவரும் மானுடவியலாளருமான ரியோ ஃபார்ச்சூன் உடன் சென்றார். அங்கு மக்கள் கடல்நீரில் தூண்கள் நட்டு, அவற்றின்மேல் வீடு கட்டி வாழ்ந்தனர். குழந்தைகளைத் தந்தையரே பெரிதும் சீராட்டி வளர்த்தனர். குழந்தை வளர்ப்பில் தாய்க்கே நாட்டம் உண்டு, தந்தைக்கு இல்லை என்று எண்ணியவர்களுக்கு இது புதுமையாக இருந்தது.

இதைவிடப் பெரிய ஆய்வு 1931ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கியது. இம்முறை நியூகினியின் செபிக் ஆற்றுப் பகுதிக்கு இருவரும் சென்றனர். மலைவழியே உள்நாட்டுக்குச் செல்வது அவர்கள் திட்டம். ஆனால், சுமை தூக்கி வந்தவர்கள் பாதி வழியில் ஒரு மலைக்கிராமத்தில் பொருள்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டனர். வேறு வழியின்றி இருவரும் அங்கேயே தங்கினர். அது அராபெஷ் மக்களின் ஊர். அம்மக்களில் ஆணும் பெண்ணும் மென்மையானவர்களாக இருந்ததை மார்கரெட் கண்டார். குழந்தையை வளர்ப்பது இருவருக்கும் பொதுவான கடமையாக இருந்தது.

அடுத்து, ஆற்றோரத்தில் வாழ்ந்த முண்டுகுமோர் மக்களிடம் சென்றார். அங்கு ஆண், பெண் இருபாலாரும் முரட்டுத்தனமும் போட்டி மனப்பான்மையும் கொண்டவர்களாகத் தோன்றினர். மூன்றாவதாக, ஏரிக்கரையில் வாழ்ந்த சாம்புலி மக்களைக் கண்டார். அங்குப் பெண்கள் மீன் பிடித்தனர். கொசுவலை பின்னி வாணிகம் செய்தனர். குடும்பப் பொறுப்பைச் சுமந்தனர். ஆண்களோ ஓவியத்திலும் நடனத்திலும் தங்களை அழகுபடுத்திக்கொள்வதிலும் நாட்டம் காட்டினர்.

இவை ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இல்லாத சமுதாயங்கள். ஆயினும், ஆண் எப்படி இருக்க வேண்டும், பெண் எப்படி இருக்க வேண்டும் என்பதில் மூன்றும் மூன்று வழிகளில் சென்றன. ஆகவே, மென்மை பெண்ணுக்கும் வீரம் ஆணுக்கும் பிறவியிலேயே பிரித்துத் தரப்பட்டவை என்று கூற இயலாது என்று மார்கரெட் 1935இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். ஒரு சமுதாயம் ஆணுக்கு ஒரு குணம், பெண்ணுக்கு ஒரு குணம் என்று வரையறுக்கும்போது, அந்த அளவுக்குள் அடங்காத ஆண்களும் பெண்களும் துன்பப்படுகின்றனர் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

பாலித் தீவில் புகைப்பட ஆய்வு

மார்கரெட்டின் அடுத்த ஆய்வுக்களம் தென்கிழக்காசியாவில் அமைந்தது. முதல் கணவர்களுடன் கொண்ட மணவாழ்க்கை முடிவுற்றபின், 1936இல் அவர் பிரிட்டிஷ் மானுடவியலாளர் கிரெகரி பேட்சனைச் சிங்கப்பூரில் மணந்தார். அங்கிருந்து இருவரும் பாலித் தீவுக்குச் சென்றனர். மலைப்பகுதிக் கிராமம் ஒன்றில் தங்கி, தாய் குழந்தையைத் தூக்கும் விதம், குழந்தை நடனம் கற்கும் விதம் போன்றவற்றை ஆராய்ந்தனர். பேட்சன் படம் எடுக்க, மார்கரெட் அதே நேரத்தில் குறிப்பெழுதினார். அவர்களுடைய பாலி உதவியாளர் மாடே காலெர், அம்மக்களின் மொழியிலேயே நிகழ்வுகளை எழுதி வைத்தார். ஏறத்தாழ 25,000 புகைப்படங்கள் சேர்ந்தன. அதுவரை ஆய்வாளர் எழுதியதை நம்புவதைத் தவிர வாசகருக்கு வேறு வழியில்லை. இப்போது, அவர் பார்த்ததைப் பிறரும் பார்த்துச் சீர்தூக்கும் வாய்ப்பு உருவானது.

பொதுவாழ்வும் திறனாய்வும்

1939இல் இருவருக்கும் மேரி கேத்தரின் என்னும் மகள் பிறந்தார். அவரும் பின்னாளில் மானுடவியலாளர் ஆனார். தாயான பிறகும் மார்கரெட் தம் பணியை விடவில்லை. 1949இல் ஆண், பெண் வாழ்க்கையைப் பற்றி மற்றொரு நூலை வெளியிட்டார். உடற்கூறினால் வரும் வேறுபாடுகளும் உண்டு என்பதை அதில் அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால், அவ்வேறுபாடுகளைக் காரணம் காட்டி எவருடைய திறமையையும் வீணாக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். 1953இல் மானுஸ் தீவுக்கு மீண்டும் சென்று, முன்பு தாம் சிறுவர்களாகக் கண்டவர்கள் வளர்ந்து ஊரையே மாற்றியமைத்திருப்பதைக் கண்டு எழுதினார்.

1960இல் அமெரிக்க மானுடவியல் சங்கத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். இதழ்களிலும் மேடைகளிலும் தொடர்ந்து பேசி, மானுடவியலைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றார். 1978ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் நியூயார்க்கில் காலமானார். மறு ஆண்டு, அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

மார்கரெட்டின் முடிவுகளை அனைவரும் ஏற்கவில்லை. அராபெஷ் மக்களிடையேயும் முன்பு போர்கள் நடந்ததை அவருடன் சென்ற ரியோ ஃபார்ச்சூனே பிறகு எழுதினார். சாம்புலி மக்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், மார்கரெட் அங்குச் சென்றது ஒரு மாறுபட்ட காலம் என்று விளக்கினர். பகைவரால் துரத்தப்பட்டு அப்போதுதான் திரும்பி வந்திருந்த ஆண்கள், தங்கள் சடங்கு மண்டபங்களை மீண்டும் எழுப்பும் வேலையில் மூழ்கியிருந்தனராம். 1983இல் டெரெக் ஃப்ரீமன் என்னும் மானுடவியலாளர் சமோவா நூலைக் கடுமையாக மறுத்தார். சமோவாவிலும் கட்டுப்பாடுகளும் மோதல்களும் மிகுதி என்றும், மார்கரெட் அவற்றைக் காணத் தவறினார் என்றும் அவர் வாதிட்டார். மறுமொழி கூற மார்கரெட் அப்போது உயிருடன் இல்லை. அவருடைய ஆய்வுக் குறிப்புகள் மட்டும் இருந்தன. அவற்றையும் ஃப்ரீமனின் சான்றுகளையும் பல அறிஞர்கள் மீண்டும் ஆராய்ந்தனர். மார்கரெட் சில இடங்களில் அளவுக்கு மீறிப் பொதுமைப்படுத்தினார் என்பதைப் பலர் ஒப்புக்கொண்டனர். அதே வேளையில், ஃப்ரீமனின் மறுப்பிலும் குறைகள் உள்ளதைக் கண்டறிந்தனர்.

ஓர் ஆய்வாளர் தம் குறிப்புகளை ஒழுங்காக எழுதிப் பாதுகாத்ததால்தான், அவர் மறைந்த பின்னும் அவருடைய முடிவுகளைச் சோதிக்க முடிந்தது. மார்கரெட் கூறிய விடைகளில் சில திருத்தப்பட்டுள்ளன. ஆனால், அவர் எழுப்பிய கேள்வி நிலைத்துவிட்டது. இன்று மானுடவியல், வரலாறு, பொருளியல், மருத்துவம், சட்டம் எனப் பல துறைகளிலும் பல நாட்டு அறிஞர்கள் ஆண், பெண் வாழ்க்கையை ஆராய்கின்றனர். ஒரு வேலையை இது பெண்ணுக்கு உரியது, இது ஆணுக்கு உரியது என்று யாரேனும் கூறும்போது, எல்லா ஊரிலும் அப்படித்தானா என்று சான்று தேடிப் பார்ப்பதே அறிவுடைமை. அந்தத் தேடலுக்குத் துணிவும் பொறுமையும் வேண்டும் என்பதை மார்கரெட் மீட்டின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.