புயலை ஆராய்ந்த மாலுமி

கொங்கு நாட்டில் அவிநாசிக்கு அருகே உள்ளது சேவூர் என்னும் ஊர். கடற்கரையினின்றும் நெடுந்தொலைவில் அமைந்த ஊர் அது. ஆயினும், ஐப்பசி கார்த்திகைத் திங்களில் வங்கக் கடலில் புயல் எழுமாயின், சில வேளைகளில் அதன் மழை சேவூர்ப் புன்செய்களையும் நனைக்கும். வறண்ட கிணறுகளில் நீர் ஊறச் செய்யும். மேட்டு நிலத்துக்கு வாழ்வளிக்கும் அப்புயலே கடற்கரையில் உயிர்களைக் கொள்ளை கொள்வதும் உண்டு. இத்தகைய புயலின் இயல்பை ஆராய்ந்து, அதற்குச் சைக்ளோன் என்று பெயரிட்டவர் ஹென்றி பிடிங்டன் ஆவார்.

பிடிங்டன் 1797-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார். இளமையிலேயே கடலோடியாகி, வணிகக் கப்பலின் தலைவராக உயர்ந்தார். பின்னர்க் கல்கத்தாவில் தங்கி, கப்பல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்தின் தலைவராக விளங்கினார். புயலில் அழிந்த கப்பல்களின் கதை அவர் உள்ளத்தை உருக்கியது. புயலிலிருந்து மீண்ட மாலுமிகளின் நாட்குறிப்புகளை அவர் அரிதின் முயன்று திரட்டினார்; எந்த நாளில், எந்த இடத்தில், எத்திசையிலிருந்து காற்று வீசியது என்பதைப் படத்தில் குறித்தார்.

1845-ஆம் ஆண்டில் மோரிசுத் தீவுக்கு அருகே சார்லசு ஹெடில் என்னும் கப்பல் புயலில் அகப்பட்டது. பல நாள் காற்றின் வழியே ஓடியும் அது தொலைவு செல்லவில்லை. புயலின் நடுவை ஐந்து முறை வட்டமிட்டிருந்தது! பாம்பு சுருண்டு கிடப்பது போலக் காற்றுச் சுழல்வதைக் கண்ட பிடிங்டன், அப்பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்தே சைக்ளோன் என்னும் பெயரை அமைத்தார். புயலின் நடுவை அறிந்து விலகிச் செல்லும் வழியை மாலுமிகளுக்குக் கற்பிக்க, 1848-இல் நூல் ஒன்றும் வெளியிட்டார்.

இடிமுகிலின் அடியிலிருந்து தும்பிக்கை போல் தரையைத் தொடும் சுழற்காற்று வேறு; புயல் வேறு. முன்னது சிறிது நேரமே நிற்பது. குறுகிய வழியில் செல்வது. புயலோ பல நூறு கல் பரந்து, பல நாள் நிலைப்பது. வெம்மையுற்ற கடல்நீர் ஆவியாகி மேலெழுந்து, மீண்டும் நீராகும்போது வெளிப்படும் வெப்பமே புயலுக்கு ஊட்டம் எனப் பிற்கால அறிஞர் கண்டனர். பருவமழைக்கு முன்னும் பின்னுமே வங்கக் கடலில் கடும்புயல்கள் மிகுதியாகத் தோன்றுகின்றன.

அந்நாளில் ஆங்கில அரசினர், கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றின் கரையில் புதிய துறைமுகம் அமைக்கக் கருதினர். புயல் வருங்கால் கடல் பொங்கி அவ்விடத்தை மூழ்கடிக்கும் என்பதைப் பிடிங்டன் உணர்ந்தார். 1853-இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு விரிவான மடல் எழுதி எச்சரித்தார். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. துறைமுகம் எழுந்தது, இருப்புப் பாதையும் வந்தது. 1858-இல் பிடிங்டன் மறைந்தார். ஒன்பது ஆண்டுகள் சென்றபின், 1867-இல் புயல் வீசியது. கடல் பொங்கித் துறைமுகத்தைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

1864-இல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கிப் பல்லாயிரவரை மாய்த்தது. அதன் பின்னரும், அடுத்துவந்த பஞ்சங்களின் பின்னரும், 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. இன்று வானில் சுற்றும் செயற்கைக் கோள்கள் புயலின் பிறப்பையே காட்டுகின்றன. உலகின் வெப்பம் பெருகுவதால் கடல்நீரும் சூடேறி, கடும்புயல்கள் மேலும் வலிமை பெறும் என்று அறிஞர் கூறுகின்றனர். ஆதலின், எச்சரிக்கையின் தேவை முன்னினும் மிகுந்துள்ளது.

புயலைத் தடுக்க மனிதனால் இயலாது. அதன் வழியை அறிந்து விலக இயலும். அறிந்தோர் உரைப்பது ஒரு கடமை. அதனைக் கேட்டு நடப்பது மற்றொரு கடமை. பிடிங்டன் தம் கடமையைச் செவ்வனே ஆற்றிச் சென்றார்.