‘சுக்கு புக்கு’ சத்தம் எங்கிருந்து வந்தது? முதல் ரயில் இன்ஜினை ஓட்டிக் காட்டிய ட்ரெவிதிக் யார்?

திருச்சி மன்னார்புரத்திலிருந்து கொஞ்ச தூரம் போனால் பொன்மலை. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வே பணிமனை 1920-களில் இங்கே வந்தது. நீராவி இன்ஜின்களின் காலம் முடிந்து பல வருஷம் ஆன பிறகும், 2010-களில் நீலகிரி மலை ரயிலுக்காகப் புத்தம் புதிய நீராவி இன்ஜின்களைக் கட்டிக் கொடுத்த இடம் இது.

நீராவி இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய பிறகு, அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. காதைத் தீட்டிக்கொண்டு சத்தத்தைக் கேட்பதுதான் அது. சாதாரணமாக இன்ஜினில் இரண்டு சிலிண்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் பிஸ்டனை இரண்டு பக்கமும் நீராவி தள்ளும். அதனால் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு ‘சுக்’ கேட்க வேண்டும். நான்கும் ஒரே இடைவெளியில், ஒரே அளவில் வந்தால் வால்வுகள் சரி. ஒன்று பலமாகவும் ஒன்று மெலிந்தும் வந்தால், நொண்டுகிற மாதிரி கேட்கும். உடனே ஃபிட்டர் ஸ்பேனரை எடுத்துவிடுவார். சக்கரத்தில் வைக்கிற எதிர் எடை சரியில்லை என்றால் அது வேறு தொல்லை. இன்ஜின் ஆடும், தண்டவாளத்தைச் சம்மட்டி மாதிரி அடிக்கும்.

இப்போது மேஜை மேல் ஓடும் மாடல் இன்ஜின்களில் ஸ்பீக்கர் வைத்து இந்தச் சத்தத்தைக் கொடுக்கிறார்கள். அதிலும் கணக்கு மாறக் கூடாது, ஒரு சுற்றுக்கு நான்குதான். தப்பினால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

சரி, இந்தச் சத்தத்தை முதலில் கொண்டுவந்தவர் யார்? ரயில் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஸ்டீபன்சன். ஆனால் அவருக்கு முன்பே தண்டவாளத்தில் நீராவி இன்ஜினை ஓட்டியவர் ரிச்சர்ட் ட்ரெவிதிக்.

சுரங்கத்தில் வளர்ந்த பையன்

1771 ஏப்ரல் 13-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தார். அப்பா சுரங்க மேலாளர். பள்ளியில் வாத்தியாருக்கு இவரைக் கண்டாலே ஆகாது. சொன்னபடி கேட்காத, பிடிவாதக்காரப் பையன். ஆறடியைத் தாண்டிய உயரம், மல்யுத்தத்தில் பேர் வாங்கியவர். படிப்பு ஏறாவிட்டாலும் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் இன்ஜின்கள் அவருக்கு அத்துப்படி.

அந்தக் காலத்து இன்ஜின் என்றால் ஜேம்ஸ் வாட் வைத்ததுதான் சட்டம். அவருடைய இன்ஜினில் நீராவி வேலை செய்து முடித்ததும் தனிப் பெட்டிக்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராகிவிடும். நீராவி வெளியே வராது, அதனால் ‘சுக்’ என்ற சத்தமும் கிடையாது. ஆனால் ஒரு வீடு அளவுக்கு இடம் பிடிக்கும். அதை எப்படி வண்டியில் ஏற்றுவது?

நீராவியின் அழுத்தத்தை நன்றாக ஏற்றிவிட்டு, வேலை முடிந்ததும் அப்படியே காற்றில் விட்டுவிட்டால் என்ன என்று யோசித்தார் ட்ரெவிதிக். இதில் எவ்வளவு சக்தி வீணாகும் என்று, கணிதம் தெரிந்த நண்பர் டேவிஸ் கிட்டியிடம் கேட்டார். காற்றழுத்தத்தின் அளவு மட்டும்தான் நஷ்டம் என்று பதில் வந்தது. அந்த நஷ்டத்தைத் தாராளமாகத் தாங்கலாம். குளிர்விக்கும் பெட்டியே தேவையில்லை. இன்ஜின் சட்டென்று சின்னதாகிவிட்டது!

முதலில் வீட்டிலேயே சிறிய மாடல் செய்து ஓட்டிப் பார்த்தார். அப்புறம் பெரிய வண்டி. வெளியேறும் நீராவியைப் புகைபோக்கிக்குள் திருப்பிவிட்டார். அது மேலே பாயும்போது அடுப்புக்குள் காற்றையும் சேர்த்து இழுக்கும், நெருப்பு இன்னும் கொழுந்துவிட்டு எரியும். ‘சுக் சுக்’ என்பது அந்த நீராவி விட்டுவிட்டுப் பாயும் சத்தம்தான். சும்மா வருகிற இரைச்சல் இல்லை, இன்ஜின் விடுகிற மூச்சு.

வாத்து விருந்தும் பந்தயமும்

1801 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கேம்போர்ன் ஊரின் மேட்டில் அந்த வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏறியது. நாலு நாளில் வழியில் மக்கர் செய்ய, அதை ஓரமாக நிறுத்திவிட்டு எல்லோரும் விடுதியில் வாத்து வறுவல் சாப்பிடப் போய்விட்டார்கள். அடுப்பை அணைக்க மறந்துவிட்டார்கள்! தண்ணீர் வற்றி, வண்டி எரிந்தே போனது.

அடுத்த அடி இன்னும் மோசம். 1803-ல் கிரீனிச்சில் அவருடைய பாய்லர் ஒன்று வெடித்து 4 பேர் இறந்தார்கள். அதிக அழுத்தம் ஆபத்து என்று சொல்லி வந்த வாட் தரப்புக்கு இது கையில் கிடைத்த ஆயுதம். ட்ரெவிதிக் பின்வாங்கவில்லை. ஆனால் இரண்டு பாதுகாப்பு வால்வுகள், தண்ணீர் குறைந்தால் உருகி எச்சரிக்கும் ஈயச் செருகி என்று ஏற்பாடுகளைச் சேர்த்தார்.

1804 பிப்ரவரி 21. வேல்ஸில் பெனிடாரன் இரும்பு ஆலை. முதலாளி ஹோம்ஃப்ரே, இன்னொரு ஆலை முதலாளியிடம் 500 கினி பந்தயம் கட்டியிருந்தார். ட்ரெவிதிக்கின் இன்ஜின் 10 டன் இரும்பையும் 5 பெட்டிகளையும் இழுத்தது, மேலே ஏறிக்கொண்ட 70 பேரையும் சேர்த்து. சுமார் 16 கி.மீ. தூரத்துக்கு 4 மணி 5 நிமிஷம். நடந்தாலே அந்த நேரத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் தண்டவாளத்தில் சரக்கை இழுத்த முதல் நீராவி ரயில் அதுதான்.

அதில் ஒரே ஒரு சிலிண்டர். பிஸ்டன் ஓரத்துக்குப் போய் நின்றுவிடாமல் இருக்க ஒரு பெரிய சுழல் சக்கரம் வைத்திருந்தார். இன்ஜினில் குறை இல்லை, பாதைதான் தாங்கவில்லை. 5 டன் எடைக்கு வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்துகொண்டே இருந்தன. 1808-ல் லண்டனில் வட்டப் பாதை போட்டு, ஒரு ஷில்லிங் கட்டணத்தில் மக்களை ஏற்றி ஓட்டினார். அங்கேயும் பாதை உடைந்தது. அத்தோடு ரயிலையே விட்டுவிட்டார். எனக்கென்னவோ, அவர் செய்த பெரிய தப்பு இதுதான் என்று படுகிறது.

ஒரு மாடல் இழுத்துப்போன தூரம்

பெருவின் வெள்ளிச் சுரங்கங்கள் 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கே காற்றழுத்தம் குறைவு, அதை நம்பி ஓடும் வாட் இன்ஜின் அங்கே எடுபடாது. அந்தச் சுரங்கங்களுக்காக இன்ஜின் தேடி வந்த உவில்லே என்பவர், லண்டன் கடை ஒன்றில் ட்ரெவிதிக்கின் மாடலைப் பார்த்து 20 கினிக்கு வாங்கிப்போனார். மலை உச்சியில் அது ஓடியது! பெரிய இன்ஜின்களும் கப்பலேறின. 1816-ல் ட்ரெவிதிக்கே கிளம்பிவிட்டார்.

ஊரில் மனைவி ஜேனும் ஆறு பிள்ளைகளும். போனவர் 11 வருஷம் திரும்பவில்லை. அங்கே விடுதலைப் போர் வெடித்து, சம்பாதித்ததெல்லாம் போனது. கையில் காசில்லாமல் கார்த்தஹேனா துறைமுகத்தில் நின்றபோது, ஸ்டீபன்சனின் மகன் ராபர்ட்டைத் தற்செயலாகச் சந்தித்தார். அவர் கொடுத்த 50 பவுண்டில்தான் 1827-ல் ஊர் திரும்பினார். இரண்டே வருஷத்தில் அதே ராபர்ட்டின் ‘ராக்கெட்’ இன்ஜின் ரெயின்ஹில் போட்டியில் ஜெயித்தது. அதன் புகைபோக்கியிலும் நீராவி மேலே பாய்ந்துகொண்டிருந்தது.

தன் உழைப்புக்கு உதவித்தொகை கேட்டு நாடாளுமன்றத்துக்கு மனு போட்டார் ட்ரெவிதிக். ஒன்றும் கிடைக்கவில்லை. 1833 ஏப்ரல் 22-ல், டார்ட்ஃபோர்டில் தங்கியிருந்த விடுதி அறையில் இறந்தார். அடக்கம் செய்யக்கூடப் பணம் இல்லை. கடைசியாக வேலை பார்த்த பட்டறைத் தொழிலாளர்கள்தான் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, தாங்களே தோள் கொடுத்துத் தூக்கிப் போனார்கள். பிணத்தைத் தோண்டித் திருடும் கும்பல்கள் இருந்த காலம் என்பதால், ராத்திரி காவலுக்கும் காசு கொடுத்து ஆள் வைத்தார்கள். புதைத்த இடத்தைக் காட்ட ஒரு கல்கூட வைக்கப்படவில்லை.