வால்வு ரேடியோ முதல் கார் வரை: எல்லாத்தையும் கழட்டிப் பார்த்த ஜி.டி. நாயுடு

பழைய வால்வு ரேடியோ, டியூப் டிவி ஆகியவற்றைத் தேடிப்பிடித்து ரிப்பேர் செய்வது இன்று சிலருக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு. கோவையைச் சேர்ந்த ஜி.டி. நாயுடுவுக்கோ, கழட்டி மாட்டுவதுதான் படிப்பே!

முதல் பாடம், ஒரு பைக்

1893 மார்ச் 23-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார் நாயுடு. பள்ளிப் படிப்பு பெருசா ஒண்ணும் இல்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் ஆசை வந்தது. கையில் காசு இல்லை. கோவையில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதே வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியதும் பார்ட் பார்ட்டாகக் கழட்டினார், திரும்ப மாட்டினார். அப்படித்தான் இன்ஜின் புரிந்தது.

1920-ல் பொள்ளாச்சி - பழநி இடையே ஒரே ஒரு பஸ்ஸுடன் தொழிலைத் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமானது. 1937-ல் டி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து மின்மோட்டார் தயாரித்தார். பேட்டரியில் ஓடும் ‘ரேசன்ட்’ ஷேவிங் ரேசரும் அவர் கைவண்ணம்தான்.

70 ரூபாய் ரேடியோ

ரேடியோ பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கே செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார் நாயுடு.

வால்வு என்றால் என்ன? காற்று நீக்கிய கண்ணாடிக் குழல். உள்ளே இழை சூடானதும் எலெக்ட்ரான்கள் பாயும். நடுவில் உள்ள கம்பி வலையில் சின்னதா மின்னழுத்தம் மாறினாலே அந்தப் பாய்ச்சல் கூடும், குறையும். பலவீனமான சிக்னல் இப்படித்தான் பெரிதாகிறது. டியூப் டிவியின் படக்குழாயும் இதே குடும்பம்தான். அதில் எலெக்ட்ரான்கள் திரையில் மோதி ஒளியாகின்றன.

அரசோடு மோதல்

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தவர் நாயுடு. அதுவே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. இன்ஜினீயரிங் படிக்க நான்கு வருடம் தேவையில்லை, இரண்டே போதும் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார்.

1952-ல் சுமார் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகும் பெட்ரோல் காரை உருவாக்கினார். தயாரிக்க லைசென்ஸ் கிடைக்கவில்லை. திட்டம் அதோடு நின்னுபோச்சு.

டிவி வருவதற்கு முன்...

1974 ஜனவரி 4-ல் நாயுடு காலமானார். சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல்தான். தமிழக வீடுகளுக்கு டிவி வந்தபோது, அதைக் கழட்டிப் பார்க்க அவர் இல்லை.

அவர் வழியில் இறங்க ஆசையா? ஒரு எச்சரிக்கை: சுவிட்சை அணைத்த பிறகும் டியூப் டிவியின் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். விவரம் தெரிந்தவர் துணையின்றி மூடியைத் திறக்க வேண்டாம். பல வருடம் கிடந்த பெட்டியை நேரடியாக பிளக்கில் செருகவும் கூடாது. முதலில் பழைய கெபாசிட்டர்களைச் சோதிக்க வேண்டும். கழட்டும்போதே ஒவ்வொரு இணைப்பையும் போட்டோ எடுத்துக்கொண்டால், மாட்டும்போது குழப்பம் வராது.