எர்லாங் என்றொரு வாத்தியார்

நம்ம கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு எர்லாங் என்றால் ஓர் அலகு. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உருப்போட்ட ஒரு ஃபார்முலா. அது ஒரு மனிதரின் பெயர் என்பதே எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அக்னர் க்ராருப் எர்லாங் 1878 ஜனவரி 1 அன்று டென்மார்க் கிராமம் ஒன்றில் பிறந்தார். அப்பா ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். பதினான்கு வயதில் தனி அனுமதி வாங்கி கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் முதல்நிலைத் தேர்வில் தேறினார். பிறகு உதவித்தொகையில் படித்து, 1901இல் கணிதப் பட்டம் பெற்று, ஏழு வருஷம் பள்ளிகளில் பாடம் நடத்தினார். கணிதச் சங்கத்தில் பழக்கமான யென்சன், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியின் தலைமை எஞ்ஜினியர். அந்தப் பழக்கத்தால் 1908இல் எர்லாங் கம்பெனியில் சேர்ந்தார்.

அங்கே இருந்த கேள்வி இதுதான்: எத்தனை லைன் போடுவது? மணிக்கு 100 அழைப்பு, ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்றால் சராசரியாக 5 லைன் பிஸி. சரி, 5 லைன் போட்டால் போதுமா? போதாது, நூற்றில் 28 அழைப்புக்கு லைன் கிடைக்காது. 10 போட்டால் இரண்டுகூடத் தவறாது. இதற்கான சூத்திரத்தை 1917இல் வெளியிட்டார். இன்னொரு வேடிக்கையும் அதில் உண்டு. இப்படிப் பத்து குழுக்களுக்குத் தனித்தனியாக 100 லைன் வேண்டும். எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டால் சுமார் 61 போதும்!

மனுஷர் மேஜையை விட்டு நகராதவர் அல்ல. கேபிள்களில் கசியும் மின்னோட்டத்தை அளக்க, ஏணி தூக்கிய ஆள் பின்னால் வர, தெருத்தெருவாகப் போய்ச் சாக்கடைக் குழி மாதிரியான கேபிள் குழிகளுக்குள் இறங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உதவி தேடி ஆய்வுக்கூடத்துக்கே வந்த ஏழைகளுக்குச் சத்தமில்லாமல் கொடுத்தார். 1929 பிப்ரவரி 3 அன்று, 51 வயதில் காலமானார். 1946இல் அலகுக்கு அவர் பெயர் வந்தது.

இன்று 4ஜி டவரில் ஷெட்யூலர் மில்லிசெகண்டுக்கு ஒரு முறை அலைவரிசையைப் பங்கு பிரிக்கிறது. பங்கு போட்டால் மிச்சம் என்ற அதே கணக்குதான். ஆனால் டேட்டா, டெலிபோன் பேச்சு மாதிரி சீராக வருவதில்லை, குபீரென்று வரும். அதனால் சிமுலேஷன் செய்துதான் பார்க்கிறோம்.

நானும் ஒரு டவருக்குச் செய்தேன். கம்ப்யூட்டரில் எல்லாம் பிரமாதம். திருவிழா அன்று டவர் திணறிவிட்டது. ஒருவர் அழைப்புக்கும் அடுத்தவர் அழைப்புக்கும் சம்பந்தமில்லை என்று வைத்துக்கொண்டிருந்தேன். தேர் நகர்ந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுத்துவிட்டார்கள். தப்பு சூத்திரத்தில் இல்லை. தெருவில் இறங்கிப் பார்க்காத என்னிடம்தான்.

தம்பி தங்கைகளே, ஃபார்முலாவை உருப்போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே அந்த ஏணியையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.