பேசாதவர்களோடு ஆடிய மரியன் சேஸ்

1942-ம் ஆண்டு. இரண்டாம் உலகப்போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம்.

அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் செயிண்ட் எலிசபெத்ஸ் என்ற மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அப்போது அது மிகப் பெரியது. அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகள் அங்கே இருந்தார்கள். அதன் வாசலில் ஒரு பெண்மணி வந்து இறங்கினார். அவர் டாக்டர் அல்ல, நர்சும் அல்ல. நாட்டிய ஆசிரியை!

அவர் பெயர் மரியன் சேஸ்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஆட்டத்தின் மூலம் பயிற்சி கொடுக்கும் வகுப்புகள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. அந்த வகுப்புகளில் கையாளும் முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் இந்த அம்மையார்தான்.

முதுகில் பட்ட அடி

மரியன் 1896-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி, அமெரிக்காவில் ரோட் தீவு மாநிலத்தைச் சேர்ந்த பிராவிடன்ஸ் நகரில் பிறந்தார். இளம் வயதில் ஒரு நாள் தண்ணீரில் தலைகீழாகப் பாய்ந்தபோது முதுகில் பலமாக அடிபட்டது. முதுகு வலுப்பெற நாட்டியம் பழகினால் நல்லது என்று டாக்டர் யோசனை சொன்னார். வைத்தியமாகத் தொடங்கிய நாட்டியம் அவருடைய வாழ்க்கையாகவே ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பெரும் புகழோடு விளங்கியது டெனிஷான் நாட்டியப் பள்ளி. ரூத் செயிண்ட் டெனிஸ், டெட் ஷான் என்ற தம்பதி 1915-ல் தொடங்கியது அது. (இந்தத் தம்பதி தங்கள் குழுவோடு 1925, 1926-ம் ஆண்டுகளில் கீழ்நாடுகளுக்கு வந்து, இந்தியாவிலும் இலங்கையிலும் கூட ஆடியிருக்கிறார்கள்.) அங்கே பயின்ற மரியன், தன் கணவரோடு சேர்ந்து வாஷிங்டனில் அந்தப் பள்ளியின் கிளையை நடத்தினார். கணவரும் நாட்டியக்காரர்தான்.

1938-ல் மணவாழ்க்கை முறிந்தது. ஒரு மகள் இருந்தாள். மகளையும் பள்ளியையும் இரண்டு தோளிலும் சுமக்க வேண்டியதாயிற்று.

ஏன் வருகிறார்கள்?

வகுப்பில் ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. வருகிறவர்களில் பலர் மேடை ஏறப்போவதே இல்லை. அது அவர்களுக்கும் தெரியும். அப்படியானால் வாரந்தவறாமல் ஏன் வருகிறார்கள்?

மரியன் அவர்களுடைய கால் அசைவைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஆட்களைப் பார்க்கத் தொடங்கினார். ஒருவர் தோளைக் குறுக்கிக்கொண்டே ஆடுவார். இன்னொருவர் யார் பக்கத்திலும் போகமாட்டார். வாயால் சொல்லமுடியாததை அவர்களுடைய உடம்பு சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவர் பாடத்தை மாற்றினார். இந்த ஆட்டம், இந்த அடவு என்று வற்புறுத்துவது குறைந்தது. ஒவ்வொருவருடைய உடம்புக்கும் மனத்துக்கும் ஏற்றபடி வகுப்பு நடந்தது.

செய்தி பரவியது. ஊரில் இருந்த மனநோய் டாக்டர்கள் தங்கள் நோயாளிகள் சிலரை அவரிடம் அனுப்பத் தொடங்கினார்கள். அந்த வழியாகத்தான் 1942-ல் செயிண்ட் எலிசபெத்ஸ் ஆஸ்பத்திரியின் கதவு திறந்தது. முதலில் தொண்டராகப் போனார். பிறகு சம்பளம் பெறும் ஊழியர் ஆனார்.

உள்ளே இருந்த நிலை

போரில் மனம் உடைந்த சிப்பாய்கள் அங்கே வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரு வார்த்தை கூடப் பேசாதவர்களும் இருந்தார்கள். மனநோய்க்குப் புது மருந்துகள் அமெரிக்காவுக்கு வந்தது 1954-ல்தான். அதுவரை மின்சார அதிர்ச்சி, மூளையில் கத்தி வைப்பது என்று கடுமையான முறைகளே பெரும்பாலும் கையில் இருந்தன. அந்த நிலையில் இசைத்தட்டைச் சுழலவிட்டு ஆட வா என்று கூப்பிடுவது வேடிக்கையாகத்தான் தோன்றியிருக்கும்.

ஆனால் மரியன் யாரையும் அப்படிக் கூப்பிடவில்லை.

ஒருவர் மூலையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பார். மரியன் அவர் அருகே போவார். ஆனால் ரொம்ப நெருங்க மாட்டார். அதே வேகத்தில், அதே தாளத்தில் தானும் ஆடுவார். ஒருவர் கையை இறுக மூடிக்கொண்டால், அந்த இறுக்கத்தைத் தன் உடம்பிலும் கொண்டுவருவார். நீ இருப்பதை நான் பார்க்கிறேன் என்பதை வார்த்தை இல்லாமல் சொல்லும் வழி அது.

கைக்குழந்தை ங்கா என்று சொன்னால் தாயும் ங்கா என்று திருப்பிச் சொல்கிறாள். அடுத்த முறை குழந்தை தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறது. அங்கே ஒரு பேச்சு பிறந்துவிடுகிறது. மரியன் செய்ததும் ஏறக்குறைய அதுதான். இது வெறும் காப்பி அடிப்பது அல்ல. அப்படிச் செய்தால் அது கேலியாகிவிடும். நோயாளி இன்னும் ஒடுங்கிப்போவார். அசைவுக்குள் இருக்கும் பயமா, கோபமா, ஆசையா என்பதைப் புரிந்துகொண்டு அதற்குப் பதில் அசைவு தரவேண்டும். கஷ்டமான வேலை!

கண்ணும் கண்ணும் சந்தித்தபின் அசைவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குவார். பிறகு இருவர், மூவர் சேர்வார்கள். கும்மி அடிப்பதுபோல் எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். ஒரே தாளத்தில் எல்லோருடைய காலும் தரையைத் தட்டும். முடியும்போதும் வட்டமாகவே நின்று ஓய்வார்கள். இன்றைக்கும் அவருடைய முறையில் வகுப்பு நடத்துகிறவர்கள் இந்த வட்டத்தை விடவில்லை.

1946-ல் மேரிலாந்து மாநிலத்தில் இருந்த செஸ்ட்நட் லாட்ஜ் என்ற தனியார் மனநோய் ஆஸ்பத்திரியும் அவரை அழைத்துக்கொண்டது. பிரீடா பிரோம்-ரைக்மன் என்ற பெயர்பெற்ற பெண் டாக்டர் அங்கே இருந்தார். நோயாளியோடு பழகியே குணப்படுத்த முடியும் என்று நம்பியவர் அவர். மரியன் அங்கே கற்றதும் நிறைய.

பதினொரு குழந்தைகள்

மரியன் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த மறு ஆண்டு, வாஷிங்டனுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பால்டிமோர் நகரில், லியோ கானர் என்ற டாக்டர் ஒரு கட்டுரை வெளியிட்டார். 8 பையன்கள், 3 பெண்கள், ஆக 11 குழந்தைகளைப் பற்றியது. அவர்கள் தனிமையையே விரும்பினார்கள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். பழக்கம் சிறிது மாறினாலும் தாங்கமாட்டார்கள். ஆட்டிசம் என்ற பெயர் அந்தக் கட்டுரையிலிருந்துதான் பரவியது.

அந்தக் குழந்தைகளைப் பெற்ற தாய்மார் பட்ட பாடு கொஞ்சமல்ல. தாயின் பாசக்குறைவே காரணம் என்று பெரிய பெரிய டாக்டர்களே பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். அது அடியோடு தவறு. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு அது. பரம்பரைக் கூறுகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பது பிற்பாடு உறுதியாயிற்று. அதற்குள் எத்தனையோ தாய்மார் கண்ணீர் விட்டுவிட்டார்கள்.

மரியன் பெரும்பாலும் பணி செய்தது பெரியவர்களிடத்தில். ஆனால் அவர் காட்டிய முறை இந்தக் குழந்தைகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தியது. பேச்சு வராத குழந்தை. முன்னும் பின்னும் ஆடுகிற குழந்தை. கையை உதறுகிற குழந்தை. அந்த அசைவை நிறுத்து என்று அதட்டாமல், அதிலிருந்தே தொடங்குவதுதானே அவர் முறை!

1960-களில் பிலடெல்பியா நகரில் பெத் காலிஷ் என்பவர் ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு அசைவுச் சிகிச்சை நடத்தி, அதைப் பற்றி எழுதினார். ஜேனட் ஆட்லர் என்பவர் இரண்டு சிறுமிகளோடு தான் செய்த வேலையைப் படமாகவே எடுத்தார். விலகி ஓடிய குழந்தை மெல்ல மெல்ல நெருங்கி வருவதை அந்தப் படத்தில் பலர் கண்ணால் கண்டார்கள்.

கடைசி ஆண்டுகள்

நியூயார்க்கில் டர்டில் பே இசைப் பள்ளியில் மரியன் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1966-ல் அமெரிக்க நாட்டிய சிகிச்சைச் சங்கம் பிறந்தது. தொடக்க உறுப்பினர்கள் 73 பேர். முதல் தலைவர் மரியன் சேஸ். 24 ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு தொழிலே கிடையாது. 1970-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி அவர் காலமானார். வயது 73.

நாட்டியத்தால் ஆட்டிசம் மறைந்துவிடாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் பெற்றோர் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். ஜெர்மனியில் ஆட்டிசம் உள்ள இளைஞர்களையும் பெரியவர்களையும் வைத்து ஆய்வு நடந்தது. 31 பேரைக் கொண்டு நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், ஒருவர் அசைவை மற்றவர் பிரதிபலிக்கும் பயிற்சியால் மனநிறைவும் தன் உடம்பைப் பற்றிய உணர்வும் கூடின என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு வெளியான, இன்னும் அதிகம் பேரைக் கொண்ட ஆய்வில் பலன் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

வகுப்பில் சலங்கை, அரங்கேற்றம் என்று எதிர்பார்த்துப் போகும் பெற்றோர் முதல் நாள் திகைத்துப்போவார்கள். குழந்தை தரையில் படுத்துப் புரளும். பக்கத்திலேயே ஆசிரியையும் படுத்துப் புரண்டுகொண்டிருப்பார். குழந்தை சுவரைத் தட்டினால் அவரும் தட்டுவார். பல வாரங்கள் இப்படியே போகலாம். பிறகு ஒரு நாள், தட்டிய குழந்தை நிறுத்திவிட்டு, அவர் எப்போது தட்டுவார் என்று திரும்பிப் பார்க்கும்.